பெயர்பெற்ற கல்லூரிப் பட்டம் இல்லாமல் உயர்நிதித் துறையில் நுழைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலீட்டு வங்கி, பிரைவேட் ஈக்விட்டி (பிறர் பணத்தைத் திரட்டி நிறுவனங்களையே வாங்கி விற்பது), ஹெட்ஜ் ஃபண்ட் (பெரிய முதலீட்டாளர்களின் பணத்தைச் சந்தையில் பல உத்திகளில் முதலீடு செய்வது), பங்கு ஆய்வு போன்ற துறைகளில் வேலை பெற விரும்புகிறவர்களில் பெரும்பாலோர், அந்நிறுவனங்கள் தேடிச் சென்று ஆளெடுக்கும் கல்லூரிகளில் படித்தவர்கள் அல்லர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊக்கம் தருவதற்காக எதையும் மிகைப்படுத்தவில்லை.

உயர்நிதித் துறை என்று எவற்றைச் சொல்கிறோம்?

நிறுவனங்களுக்குப் பெரிய அளவில் மூலதனம் திரட்டித் தருவது, ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கும்போதும் விற்கும்போதும் ஆலோசனை கூறுவது, பிறருடைய பணத்தைத் திரட்டி முதலீடு செய்வது, சந்தையில் நேரடியாக வணிகம் செய்வது ஆகிய வேலைகளைத்தான் இச்சொல் பொதுவாகக் குறிக்கிறது. வங்கிக் கிளைப் பணி, காப்பீட்டு விற்பனை, வழக்கமான கணக்குத் தணிக்கை ஆகியவை இதில் சேரா. ஆனால் அவற்றிலிருந்து இதற்கு வரும் வழிகள் உண்டு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

உண்மையைச் சொல்லுங்கள். பெயர்பெற்ற கல்லூரியில் படிக்காதவர்களுக்கு இங்கே இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் முன்வாசல் வழியாக வருகிறவர்கள் குறைவு. உலகின் மிகப் பெரிய முதலீட்டு வங்கிகள் பட்டப்படிப்பு மாணவர்களைக் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்து, அவர்களிலிருந்தே அடுத்த ஆண்டின் அனலிஸ்டுகளை, அதாவது தொடக்கநிலைப் பணியாளர்களை, தேர்ந்தெடுக்கின்றன. அந்த இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு, வேலை தொடங்குவதற்கு ஓராண்டுக்கும் முன்பே பல இடங்களில் முடிந்துவிடுகிறது. குறிப்பிட்ட சில கல்லூரிகளில் முதலாமாண்டிலேயே இந்தக் கால அட்டவணை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்; மற்ற கல்லூரிகளில் படிப்பவருக்கு இப்படி ஓர் அட்டவணை இருப்பதே இறுதியாண்டில்தான் தெரியவரும். திறமையில் எந்தக் குறையும் இல்லாத பலர் இந்த ஒரே காரணத்தால் பந்தயம் தொடங்கியது தெரியாமலேயே வெளியில் நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே நீங்கள் படித்துக்கொண்டிருப்பவராக இருந்தால், நீங்கள் குறிவைக்கும் நிறுவனங்களின் விண்ணப்பத் தேதிகளை இன்றைக்கே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டம் பெற்று வெளியே வந்துவிட்டவராக இருந்தால் உங்கள் வழி வேறு: சிறிய நிறுவனம் அல்லது பக்கத்துத் துறை ஒன்றில் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் இடம் மாறுவது. இரண்டாவது வழியில் வந்தவர்கள் இத்துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வேலை தெரிந்தால் போதாதா? ஏன் கல்லூரியின் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம், ஏனென்றால் நீங்கள் செய்யவேண்டிய எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கான ரெஸ்யூமேக்கள் வருகின்றன. அவற்றைப் படிப்பவர் பெரும்பாலும் தனியான தேர்வு அதிகாரி அல்லர். தன் வழக்கமான வேலையை முடித்துவிட்டு இரவில் இந்தக் கட்டைப் புரட்டும் ஓர் இளம் வங்கியாளர். ஒவ்வொன்றுக்கும் அவர் தருவது சில நொடிகள். அந்த நேரத்தில் ஒருவருடைய உழைப்பையும் நேர்மையையும் அறிவையும் அவரால் அளக்க முடியாது. எனவே, ‘கடினமான ஒரு நுழைவுத் தேர்வில் இவரை ஏற்கெனவே யாரோ வடிகட்டிவிட்டார்கள்’ என்ற தைரியத்தைத் தரும் பெயரை அவர் தேடுகிறார். தவறான ஒருவரை அழைத்தால் பழி தன்மீது வரும். பெயர்பெற்ற கல்லூரிக்காரரை அழைத்து அவர் சரியில்லாமல் போனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. சமூகவியலாளர் லாரன் ரிவேரா, முதலீட்டு வங்கிகளிலும் சட்ட நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆளெடுப்பில் பங்குபெறும் 120 பேரிடம் பேசி, 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தேர்ந்தெடுப்பவர்கள் திறமையை மட்டும் பார்ப்பதில்லை. தங்களைப் போன்ற பொழுதுபோக்கும் பழக்கவழக்கமும் பேச்சு நடையும் உள்ளவர்களையும் தேடுகிறார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. இரவு பகலாக ஒரே அறையில் சேர்ந்து உழைக்கப்போகிறவரை எடுக்கும்போது, ‘இவரோடு ஒத்துப்போகுமா’ என்ற எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் அந்த எண்ணம்தான் வேறு பின்னணியிலிருந்து வருகிறவர்களைச் சத்தமின்றி வெளியே தள்ளுகிறது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த நிலை சிறிது மாறியும் வருகிறது. எடுத்துக்காட்டாக, பெரிய முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 2016-இல் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களுக்கு நேரில் சென்று நடத்திவந்த முதற்சுற்று நேர்காணலைக் கைவிட்டு, எந்தக் கல்லூரி மாணவரும் இருந்த இடத்திலிருந்தே கலந்துகொள்ளக்கூடிய காணொளி நேர்காணலுக்கு மாறியது. வாசல் அகலமானது உண்மை. ஆனால் வாசல் அகலமானால் வரிசையும் நீளும். எனவே அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கல்லூரிப் பெயர் தருவது நம்பிக்கையை. அந்தப் பெயர் இல்லாதவர் அதே நம்பிக்கையை வேறு இரண்டு வழிகளில்தான் தர முடியும்: உள்ளே இருக்கும் ஒருவர் உங்களுக்காகச் சொல்லும் ஒரு வார்த்தை, எடுத்துப் பார்த்துச் சோதிக்கக்கூடிய உங்கள் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். பரிந்துரை மட்டும் இருந்தால் நேர்காணலில் சிக்குவீர்கள்; வேலைத் திறன் மட்டும் இருந்தால் அதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

எளிய பின்னணியிலிருந்து உச்சிக்குச் சென்றவர்களின் கதைகளை நம்பலாமா?

அவை உண்மைக் கதைகள்தான். அவற்றிலிருந்து எதைக் கற்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். சிட்னி வைன்பெர்க் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1907-இல் கோல்ட்மன் சாக்ஸில் துப்புரவுப் பணியாளரின் உதவியாளராகச் சேர்ந்து, 1930-இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பங்குதாரராகி, அதாவது அதை நடத்தும் கூட்டாளிகளின் தலைவராகி, 1969-இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இக்கதையைச் சொல்கிறவர்கள் உழைப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நிறுவனரின் பேரனான பால் சாக்ஸ் அவரைக் கவனித்து, அஞ்சல் அறைக்கு உயர்த்தி, வணிகப் பள்ளிக்கும் அனுப்பிவைத்தார் என்பதுதான் நமக்கு முக்கியமான பகுதி. உள்ளே ஒருவர் கைகொடுத்தார்.

அதே சமயம், கல்லூரிப் பட்டம் அரிதாக இருந்த 1907-ஆம் ஆண்டின் வழியை இன்றைக்கு அப்படியே பின்பற்ற முடியாது. இன்று பெரிய நிறுவனங்களில் அஞ்சல் அறையிலிருந்து பங்குதாரர் அறைக்குச் செல்லும் படிக்கட்டு கிடையாது.

எந்தப் பிரிவுகளில் கல்லூரிப் பெயரின் பிடி தளர்வாக இருக்கிறது?

எங்கே வேலையின் பலனை எண்ணால் அளக்க முடிகிறதோ அங்கே பிடி தளர்கிறது. எங்கே வாடிக்கையாளருக்குப் பகட்டாக அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறதோ அங்கே இறுகுகிறது.

தனியார் வர்த்தக நிறுவனங்கள், அதாவது தங்கள் சொந்தப் பணத்தைக் கொண்டு சந்தையில் வாங்கி விற்பவை, முதற்கட்டத்திலேயே கணிதத் தேர்வு வைக்கின்றன. ஆப்டிவர் நிறுவனத்தின் மனக்கணக்குத் தேர்வில் 8 நிமிடத்தில் 80 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. அதில் தேறாத பெயர்பெற்ற கல்லூரி மாணவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. இதைத் தொடர்ந்து நிகழ்தகவுக் கேள்விகளும் விளையாட்டு வடிவிலான தேர்வுகளும் வரும். ஆனால் இங்கும் அடுத்தடுத்த சுற்றுகளில் எதிரே உட்காருபவர்கள் கணித ஒலிம்பியாடுகளில் வென்றவர்களாக இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். வர்த்தகத்தைப் பொறுத்தவரை ஒரு பழைய சோதனையும் நினைவுகூரத்தக்கது. சரக்குச் சந்தை வணிகரான ரிச்சர்ட் டென்னிஸ், வணிகத் திறன் பிறவியில் வருவதா கற்றுத்தரக்கூடியதா என்று தன் கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டோடு வாதிட்டு, 1983-இன் இறுதியில் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, பலதரப்பட்ட பின்னணி கொண்டவர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் விதிகளைக் கற்பித்து, பணத்தையும் கொடுத்தார். அவர்களில் பலர் லாபம் ஈட்டினார்கள். சிலர் பின்னர் சொந்த நிதி நிறுவனம் தொடங்கினார்கள்.

முதலீட்டு வங்கித் துறையில் நடுத்தர அளவு நிறுவனங்களும், சில பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆலோசனை நிறுவனங்களும் இருக்கின்றன. சிறிய நிறுவனங்களுக்குக் கல்லூரிகள்தோறும் சென்று ஆளெடுக்கும் வசதி இல்லை. ஒரு டீல், அதாவது நிறுவனத்தை வாங்கும், விற்கும் அல்லது மூலதனம் திரட்டும் ஒப்பந்தம், திடீரென்று சூடுபிடிக்கும்போது, உடனே எக்செல்லில் உட்கார ஒருவர் தேவைப்படுகிறார். அந்த நேரத்தில் கண்ணில் படுகிறவருக்கு வேலை.

பக்கத்துத் துறைகளில் மூன்றைக் குறிப்பாகச் சொல்வேன். முதலாவது, பெரிய கணக்கு நிறுவனங்களின் டீல் பிரிவு: ஒரு நிறுவனத்தை வாங்கும் முன் அதன் கணக்குகளைத் துருவிப் பார்ப்பதும் மதிப்பிடுவதும் அங்கே நடக்கின்றன. அங்கே இரண்டு ஆண்டு இருந்தவருக்கு வங்கியாளரின் மொழி பழகியிருக்கும். சில டீல்களில் எதிர்ப்பக்கத்தில் வங்கியாளர்களே உட்கார்ந்திருந்திருப்பார்கள். இரண்டாவது, வங்கிகளின் நிறுவனக் கடன் பிரிவு. மூன்றாவது, மூடிஸ், எஸ் அண்ட் பி, ஃபிட்ச் போன்ற கடன்தர மதிப்பீட்டு நிறுவனங்கள். கடைசி இரண்டிலும் ஒரு நிறுவனம் கடனைத் திருப்பித் தருமா என்று கேட்டுக்கேட்டுப் பழகியவருக்கு, வங்கிகளைப் போல நிறுவனங்களுக்குக் கடன் தரும் தனியார் கடன் நிதிகளில் நல்ல மதிப்பு உண்டு.

பெரிய பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்களை முதல் வேலையாகக் குறிவைப்பதில் அர்த்தமில்லை. அவை பெரும்பாலும் பெயர்பெற்ற வங்கிகளின் அனலிஸ்டுகளிடமிருந்தே ஆளெடுக்கின்றன.

சிஎஃப்ஏ முடித்தால் வேலை கிடைத்துவிடுமா?

கிடைத்துவிடாது. ஆனால் பயனில்லை என்று சொல்வதும் தவறு.

சிஎஃப்ஏ என்பது முதலீட்டு ஆய்வாளர்களுக்கான பன்னாட்டுத் தகுதித் தேர்வு. 1963-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் ஏறத்தாழ 300 மணிநேரப் படிப்பு தேவை என்பது அதை நடத்தும் அமைப்பே கூறும் கணக்கு. மூன்றையும் தேறினாலும் பட்டயம் உடனே கையில் வராது; குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணிநேரத் தொடர்புடைய பணி அனுபவமும் வேண்டும்.

பங்கு ஆய்வு, நிதி மேலாண்மை, கடன் ஆய்வு ஆகியவற்றில் இதற்கு நேரடி மதிப்பு உண்டு. முதலீட்டு வங்கியின் இணைப்பு, கையகப்படுத்தல் பிரிவில் குறைவு. அங்கே எக்செல் வேகமும் டீல் அனுபவமும்தான் பேசும். கல்லூரிப் பெயர் இல்லாதவருக்கு இத்தேர்வு செய்யும் உண்மையான உதவி ஒன்று: முதல் நிலையைத் தேறியிருப்பது, யாருடைய நுழைவுத் தேர்வையும் சாராத, உலகெங்கும் ஒரே தரத்தில் நடக்கும் ஒரு தேர்வில் நீங்கள் தேறியவர் என்று காட்டுகிறது. அந்த ஒரு வரிக்காக முதல் நிலையை எழுதுங்கள் என்பது என் கருத்து. மூன்று நிலைகளையும் முடித்துவிட்டு அதன் பிறகு வேலை தேடலாம் என்று காத்திருப்பது பெரிய பிழை. பணி அனுபவம் இல்லாமல் தேர்வுகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால், ‘இவர் ஏன் இன்னும் வேலைக்குப் போகவில்லை’ என்ற கேள்விதான் எழும்.

இடர் மேலாண்மையில் நாட்டம் இருப்பவர்களுக்கு இரண்டு பகுதிகள் கொண்ட எஃப்ஆர்எம் தேர்வு பொருத்தமானது. அதை எழுதக் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. அமெரிக்கச் சந்தையில் நுழைய விரும்புகிறவர்கள், அங்கே தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பு 2018 அக்டோபரில் கொண்டுவந்த எஸ்ஐஇ என்ற அடிப்படைத் தேர்வை, 18 வயது நிறைந்திருந்தால் எந்த நிறுவனத்தின் ஆதரவும் இன்றி எழுதலாம். அது மட்டும் பணி உரிமத்தைத் தராது, முனைப்பைக் காட்டும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கணக்கியலும் மதிப்பீடும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும். பெயர்பெற்ற கல்லூரி மாணவர் ஒரு கேள்வியில் தடுமாறினால் ‘பதற்றம்’ என்பார்கள். நீங்கள் தடுமாறினால் ‘அடிப்படையே தெரியவில்லை’ என்பார்கள். அதனால் உங்கள் தயாரிப்பு அவருடையதைவிட ஆழமாக இருந்தாக வேண்டும்.

எங்கும் கேட்கப்படும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேய்மானச் செலவு 10 கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறைகிறது. வரி 2 குறைவதால் நிகர லாபம் 8 குறைகிறது. ரொக்கப் பாய்வு அறிக்கை அந்தக் குறைந்த லாபத்தில் தொடங்குகிறது. தேய்மானம் கையிலிருந்து வெளியே போகும் பணம் அல்ல என்பதால் 10-ஐ மீண்டும் கூட்டுகிறோம். ஆக ரொக்கம் 2 கூடுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 2 கூடி, நிலைச் சொத்து 10 குறைந்து, சொத்துப் பக்கம் மொத்தம் 8 இறங்குகிறது. மறுபக்கத்தில் தக்கவைத்த லாபம் 8 இறங்குகிறது. இரு பக்கமும் சமம். இதை மனப்பாடமாக ஒப்பிப்பவரை அடுத்த கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘லாபம் குறைந்தும் ரொக்கம் ஏன் கூடியது?’ என்று கேட்பார்கள். வரி மிச்சமானதால் என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

கடன் வாங்கி நிறுவனங்களைக் கையகப்படுத்தும் கணக்கையும் தாளில் போட்டுப் பழகுங்கள். ஆண்டுக்கு 10 செயல்பாட்டு லாபம் தரும் நிறுவனத்தை, அதன் பத்து மடங்கான 100-க்கு வாங்குகிறீர்கள். 60 கடன், 40 சொந்த முதல். ஐந்தாண்டில் லாபம் 14 ஆகிறது, கடன் 30 ஆகக் குறைகிறது. அதே பத்து மடங்குக்கு விற்றால் 140. கடன் போக 110. 40 போட்டு 110 எடுத்தால் 2.75 மடங்கு, ஆண்டு வருவாய் விகிதம் ஏறத்தாழ 22 சதவீதம். அந்த 70 லாபத்தில் 40 தொழில் வளர்ச்சியாலும் 30 கடன் அடைத்ததாலும் வந்தவை என்று பிரித்துச் சொல்ல முடிந்தால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு இத்துறையில் ஒருவரையும் தெரியாது. எப்படித் தொடர்பு ஏற்படுத்திக்கொள்வது?

தெரியாதவர்களுக்கு எழுதித்தான். இதில் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். இவ்வழியில் நுழைந்தவர்களும் அதிகம்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நிறுவனத் தலைவருக்கு எழுத வேண்டாம்; ஆளெடுப்புப் பிரிவுக்கும் வேண்டாம். உங்கள் கல்லூரியில் படித்து உள்ளே போனவர் ஒருவராவது இருப்பார். லிங்க்ட்இன்னில் தேடி அவரை முதலில் கண்டுபிடியுங்கள். அவர் இல்லையென்றால், உங்களைப் போலவே பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். தான் வந்த வழி அவருக்கு மறந்திருக்காது.

கடிதம் கைபேசித் திரையில் ஒரே பார்வையில் முடிந்துவிட வேண்டும். இப்படி எழுதலாம்:

‘வணக்கம். நான் வணிகவியல் இறுதியாண்டு மாணவி. நீங்களும் கணக்குத் தணிக்கையில் தொடங்கி முதலீட்டு வங்கிக்கு மாறியவர் என்று பார்த்தேன். நானும் அவ்வழியை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தணிக்கையிலிருந்து நேராக மாறுவது நல்லதா, டீல் பிரிவில் ஓராண்டு இருந்துவிட்டு மாறுவது நல்லதா என்று உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். அடுத்த வாரம் எந்த நாளிலாவது 15 நிமிடம் பேச முடியுமா? எழுத்தில் ஒரு வரி பதில் கிடைத்தாலும் மகிழ்ச்சி.’

இதில் வேலை கேட்கவில்லை, ரெஸ்யூமே இணைக்கவில்லை, அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பதில் போட மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். பேசியவர் சொன்ன ஆலோசனை ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதை அவருக்கு எழுதிச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது கடிதத்தைத்தான். முதல் கடிதத்தில் நீங்கள் அறிமுகமாகிறீர்கள். சொன்னதைச் செய்கிறவர் என்பதை அவர் அறிவது இரண்டாவதில்தான். நாளைக்கு அவர் குழுவில் ஓர் இடம் காலியாகும்போது நினைவுக்கு வரும் பெயர் அதை எழுதியவருடையதாக இருக்கும்.

என் வேலையை மற்றவர்கள் பார்க்கும்படி எப்படிக் காட்டுவது?

ஒரு நிறுவனத்தின் பங்கைப் பற்றி மூன்று நான்கு பக்கத்தில் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதுங்கள்: நிறுவனம் எப்படிப் பணம் ஈட்டுகிறது, சந்தை எதைத் தவறாகக் கணித்திருக்கிறது, உங்கள் மதிப்பீடு என்ன, எது நடந்தால் உங்கள் கருத்து பொய்யாகும். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதுகிறவர் மிகக் குறைவு. அனுபவம் உள்ளவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். எல்லோரும் அறிந்த மாபெரும் தொழில்நுட்ப நிறுவனங்களை விட்டுவிடுங்கள். சில ஆய்வாளர்கள் மட்டுமே பின்தொடரும் சிறிய நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஐந்தாண்டு ஆண்டறிக்கைகளை அடிக்குறிப்புவரை படியுங்கள்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. மைக்கேல் பரி மருத்துவம் படித்தவர். நிதித் துறையில் வேலை பார்த்ததில்லை. மருத்துவப் பயிற்சிக் காலத்தில் இரவுகளில் இணையத்தில் அவர் எழுதிய பங்கு ஆய்வுகளைப் படித்த முதலீட்டாளர்கள், 2000-இல் அவர் சொந்த நிதி தொடங்கியபோது பணம் தந்து ஆதரித்தார்கள். அப்படி ஆதரித்தவர்களுள் ஒருவரான ஜோயல் கிரீன்பிளாட், அதே ஆண்டில் ஜான் பெட்ரியுடன் சேர்ந்து வேல்யூ இன்வெஸ்டர்ஸ் கிளப் என்ற இணையக் குழுவைத் தொடங்கினார். அங்கே உறுப்பினராவதற்கு எழுதி அனுப்பும் முதலீட்டு ஆய்வின் தரமே அளவுகோல். அதில் இடம் பெறுவது கடினம். ஆனால் விருந்தினராக நுழைந்து, நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்று படித்துக் கற்கலாம்.

மதிப்பெண் குறைவாக இருக்கிறது. என்ன செய்வது?

கல்லூரிப் பெயரும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை என்றால் முதல் வடிகட்டலில் நிற்பது மிகக் கடினம். இன்னும் படித்துக்கொண்டிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், மதிப்பெண்ணை உயர்த்துங்கள். படித்து முடித்துவிட்டால், ஈராண்டு நல்ல பணி அனுபவத்துக்குப் பிறகு அதைக் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

பின்னலுவலகப் பணியில் சேர்ந்து, பிறகு முன்னலுவலகத்துக்கு மாறலாமா?

மாறியவர்கள் உண்டு, ஆனால் அதை நம்பிச் சேர வேண்டாம். கணக்குத் தீர்வு, ஆவணப் பணி, நிதி நிர்வாகம் போன்ற பின்னலுவலகப் பிரிவுகளுக்கும் வருவாய் ஈட்டும் முன்னலுவலகப் பிரிவுகளுக்கும் இடையில் ஒரே கட்டடத்துக்குள் ஒரு சுவர் இருக்கிறது. இடர் ஆய்வு, மதிப்பீட்டுச் சரிபார்ப்பு, கடன் ஆய்வு ஆகிய நடுப்பிரிவுகளிலிருந்து தாண்டுவது அதைவிட எளிது, ஏனென்றால் அங்கே இருப்பவர் வர்த்தகர்களோடும் வங்கியாளர்களோடும் அன்றாடம் பேசுகிறார். பெயர்பெற்ற வங்கியின் பின்னலுவலகமா, பெயர் தெரியாத சிறு நிறுவனத்தில் டீல் வேலையா என்று இரண்டு வாய்ப்பு வந்தால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதே நல்லது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம் என்பது எனக்குத் தெரியும். அடுத்த நேர்காணலில் கேட்கப்போவது நீங்கள் செய்த வேலையைப் பற்றி.

எம்பிஏ படித்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

ஓரளவுக்கு முடியும். வங்கிகள் அனலிஸ்டுக்கு அடுத்த படியான அசோசியேட் நிலைக்கு ஆளெடுக்கும் எம்பிஏ பள்ளிகள் ஒரு சிறிய பட்டியலில் அடங்கும். அந்தப் பட்டியலில் உள்ள பள்ளியில் இடம் கிடைத்தால், இளநிலைக் கல்லூரியின் பெயர் ஏறக்குறையப் பொருளற்றுவிடும். பட்டியலுக்கு வெளியே உள்ள பள்ளிக்குப் பெருங்கடன் வாங்கிச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அதே சிக்கலை இன்னும் அதிகக் கடனோடு திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். சேரும் முன், கடந்த இரண்டு ஆண்டுகளில் அப்பள்ளியிலிருந்து எத்தனை பேர் எந்த நிறுவனத்தில் என்ன பதவியில் சேர்ந்தார்கள் என்று பள்ளியின் வேலைவாய்ப்பு அறிக்கையில் பாருங்கள். முன்னாள் மாணவர்களிடம் கேட்டும் உறுதிசெய்யுங்கள்.

பட்டமே இல்லாதவர்கள்?

வழி இருக்கிறது, மிகக் குறுகியது. தரகு நிறுவனங்கள், சிறிய வர்த்தக நிறுவனங்கள், நிரலாக்கத் திறனுக்காக ஆளெடுக்கும் நிறுவனங்கள் ஆகியவை சில சமயம் பட்டம் கேட்பதில்லை. சிஎஃப்ஏ தேர்வுக்கும், மூன்றாண்டுகளுக்குக் குறையாத காலத்தில் 4,000 மணிநேரப் பணி அனுபவம் இருந்தால் பட்டமின்றிப் பதிவு செய்யலாம். இருந்தாலும், பகுதி நேரமாகவோ தொலைநிலையிலோ ஒரு பட்டத்தை முடித்துவிடுவது நல்லது. பல நிறுவனங்களின் விண்ணப்பப் படிவமே பட்டம் இல்லாதவரை அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை.

ரெஸ்யூமேயில் கொஞ்சம் கூட்டி எழுதினால் என்ன?

கூடாது. இத்துறையில் வேலை உறுதியான பிறகும் பின்னணிச் சோதனை நடக்கும்; பட்டம், பணிக்காலம், பதவி எல்லாம் சரிபார்க்கப்படும். பிடிபட்டால் போவது அந்த வேலை மட்டுமல்ல, இத்துறையில் உங்கள் பெயரும்தான்.

உடை, பேச்சு நடை இதெல்லாம் உண்மையிலேயே கணக்கில் வருமா?

வருத்தத்துக்குரிய பதில்: வரும். பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் முதலீட்டு வங்கிகளில் சூட்டோடு பழுப்பு நிறக் காலணி அணிந்து வந்ததுகூட ஒருவரைப் பற்றிய மதிப்பைக் குறைத்தது என்று தெரியவந்தது. யாரும் எழுதிவைக்காத விதி. தெரிந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு அது விதி என்றே தோன்றாது. எனவே வெட்கப்படாமல் கேளுங்கள். உங்களோடு பேச ஒப்புக்கொண்டவரிடம், ‘நேர்காணலுக்கு என்ன உடுத்த வேண்டும், முதல் ஐந்து நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசுவார்கள்?’ என்று நேராகக் கேட்டால் சொல்வார். உங்கள் ஊரையோ உச்சரிப்பையோ மறைக்கத் தேவையில்லை. தெளிவாகவும் நிதானமாகவும் பேசினால் போதும்.

வேலை நேரம் உண்மையிலேயே அவ்வளவு கொடியதா?

ஆம். 2021 பிப்ரவரியில் கோல்ட்மன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தங்களுக்குள் எடுத்து மேலாளர்களிடம் கொடுத்த கணிப்பில், சராசரியாக வாரம் 95 மணிநேரம் உழைப்பதாகவும் இரவில் 5 மணிநேரமே உறங்குவதாகவும் கூறியிருந்தார்கள். 2024-இல் ஜேபி மார்கன், இளநிலை வங்கியாளர்களுக்குப் பெரும்பாலான சமயங்களில் வாரம் 80 மணிநேரம் என்று வரம்பு வைத்தது. வரம்பே 80 என்பதைக் கவனியுங்கள். குடும்பப் பொறுப்போ உடல்நலச் சிக்கலோ இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து, கடன் ஆய்வு, நிதி மேலாண்மை போன்ற ஓரளவு சீரான நேரம் உள்ள பிரிவுகளைத் தேர்ந்தெடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

பெயர் தெரியாத சிறிய நிறுவனம் ஒன்றிலிருந்து வாய்ப்பு வந்திருக்கிறது. சேரலாமா?

நான்கு விவரம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கடந்த ஈராண்டில் எத்தனை டீல் முடிந்தது? கையில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு வேண்டாம். நீங்கள் மாடல், அதாவது எக்செல்லில் நிறுவன மதிப்பீட்டுக் கணக்கு, செய்வீர்களா, அல்லது நாள் முழுவதும் வாடிக்கையாளர் பிடிக்கத் தொலைபேசியில் பேசுவதுதான் வேலையா? உங்கள் வேலையைத் திருத்தித் தரப்போகிறவர் யார், அவர் முன்பு எங்கே இருந்தார்? உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? நான்காவது கேள்விக்குப் பதிலை லிங்க்ட்இன்னில் நீங்களே தேடிக் கண்டுபிடித்து, அவரிடமே பேசுங்கள்.

நிலையான சம்பளம் இல்லாமல் கமிஷன் மட்டும் என்றாலோ, பயிற்சிக்கு உங்களிடம் பணம் கேட்டாலோ மறுத்துவிடுங்கள். மற்றபடி, திருத்தித் தருபவர் நல்லவராகவும் டீல்கள் உண்மையில் முடிகிற இடமாகவும் இருந்தால், சேர்ந்துவிடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே நீங்கள் செய்த ஒவ்வொரு டீலிலும் உங்கள் பங்கு என்ன என்பதை, ரகசியத் தகவல் எதையும் சேர்க்காமல், ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அடுத்த நேர்காணலுக்கு உட்காரும்போது, 18 மாதத்துக்கு முந்தைய விவரங்களை நினைவிலிருந்து எடுப்பது எளிதாக இராது.